ஏற்பாரின்றி இறக்கிய பாரம்

ஒருவர் செய்ய வேண்டிய செயலில் இன்னொருவர் துணை நிற்கும்போது, அச்செயலுக்கு வேண்டிய விழிப்பு யாரிடம் இருக்க வேண்டும், அதன் பொறுப்பு யாரைச் சேரும் என்னும் கேள்வி சமய மெய்யியலுக்கு மிகப் பழையது. இறைவனின் அருளுக்கும் உயிரின் முயற்சிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்கள் இக்கேள்வியை ஏதோ ஒரு வடிவில் எதிர்கொண்டே இருக்கின்றனர். இன்று அதே கேள்வி, நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் ஸ்டீயரிங்கிலும் எழுந்து நிற்கிறது. விற்பனையாளர்கள் 'லேன் கீப்பிங் அசிஸ்ட்' என்று சொல்லும் தடங்காப்பு உதவி, கார் தன் தடத்தை விட்டு விலகத் தொடங்கும்போது ஸ்டீயரிங்கைத் தானே சற்றுத் திருப்பி அதை மீண்டும் உள்ளே கொண்டுவருகிறது. அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று கேட்பது முதற்பார்வைக்குப் பொறியியல் கேள்வியாகத் தோன்றும். ஆனால் விடை தேடிப் போகிறவர், நல்ல துணை என்பது எது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அதைக் கடந்துபோக முடிவதில்லை.

பெயர் ஒன்றாக வழங்கினாலும் இதில் மூன்று வேறு கருவிகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் பேசுவதால் பல குழப்பங்கள் விளைகின்றன. முதலாவது தட விலகல் எச்சரிக்கை: இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தொடும் ஓட்டுநருக்கு ஒலியாலோ ஸ்டீயரிங்கின் அதிர்வாலோ உணர்த்துவதோடு இது நின்றுவிடும்; காரைத் திருப்ப வேண்டியது ஓட்டுநரின் கை. இரண்டாவது தடங்காப்பு: கோட்டை நெருங்கும் வேளையில் மட்டும் கருவி குறுக்கிட்டு, ஸ்டீயரிங்கைச் சிறிதளவு உள்நோக்கித் தள்ளும். மூன்றாவது தட நடுவாக்கம்: இது கார் விலகும்வரை காத்திராமல், இரு கோடுகளுக்கும் நடுவிலேயே காரை இடைவிடாது நிறுத்திக்கொண்டு செல்லும், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியும் இதனுடன் சேர்ந்துவிட்டால், ஓட்டுநருக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை எஞ்சுவதில்லை. முதலாவது தட்டி எழுப்புகிறது, இரண்டாவது பிடித்துத் தள்ளுகிறது, மூன்றாவது தூக்கிச் செல்கிறது. இம்மூன்றின் வேறுபாடு துணை என்னும் சொல்லின் மூன்று பொருள்களுக்கு இடையிலான வேறுபாடுமாகும்.

கருவி இயங்கும் முறை எளிதாக விளங்கக்கூடியது. முன்கண்ணாடியின் உட்புறத்தில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு அருகே பொருத்திய கேமரா சாலையைத் தொடர்ந்து படம் பிடிக்கிறது. அப்படங்களில் கருமைக்கு நடுவே வெண்மையாகவோ மஞ்சளாகவோ நீண்டு செல்லும் கீற்றுகளைக் கணினி பிரித்தெடுத்து, அவற்றின் வளைவைக் கணக்கிட்டு, கார் எங்கே நிற்கிறது, இன்னும் சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று மதிப்பிடுகிறது. பின் ஸ்டீயரிங்கோடு இணைந்த மின்மோட்டார் வழியே, ஓட்டுநரின் கை எளிதில் மீறிவிடக்கூடிய அளவுக்கு மெல்லிய திருகுவிசையைத் தருகிறது. 2001-ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் நிசான் நிறுவனத்தின் சீமா காரில் இத்தகைய உதவி விற்பனைக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2019-இல் இயற்றிய பொதுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, 2024 ஜூலை 7 முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் நெருக்கடித் தடங்காப்பு கட்டாயமாகிவிட்டது.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது, கருவி தடத்தைக் காண்பதில்லை என்பதாகும். அது காண்பது சாலைமேல் பூசிய வண்ணத்தை. தடம் அவ்வண்ணத்திலிருந்து பெற்ற ஊகம். இந்திய அளவையியல் இதைக் கருதலளவை என்னும். அதாவது, கண்ட ஓர் அடையாளத்தைக் கொண்டு காணாத பொருளை அறிதல், புகையைக் கொண்டு நெருப்பை அறிவதுபோல. அடையாளமாக நிற்பது ஏது. ஏதுவைப் போலத் தோன்றி உண்மையில் எதையும் நிறுவாதது ஏதுப்போலி. மணிமேகலையின் 29-ஆம் காதை இவ்வேதுப்போலிகளை வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றுள் அநைகாந்திகம் என்பது, தேடும் பொருள் உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒருசேரக் காணப்படும் அடையாளத்தால் விளையும் பிழை. வெண்கோடு அத்தகைய அடையாளமே. தடத்தின் ஓரத்திலும் அது உண்டு. இரு சாலைகள் பிரியும் இடத்தில், எந்த வண்டியும் நுழையக் கூடாத முக்கோணப் பரப்பின் இரு பக்கங்களிலும் அது உண்டு. சாலைப் பணியின்போது அழித்தும் அழியாமல் தேய்ந்து கிடக்கும் பழைய கோடாகவும் அது உண்டு. மனிதக் கண்ணும் கோட்டையே நம்பி ஏமாறுவதுண்டு என்றாலும், அது மரத்தையும் தடுப்புச் சுவரையும் முன்னே செல்லும் வண்டியின் போக்கையும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒன்றின் பிழையை இன்னொன்றால் திருத்திக்கொள்கிறது.

அடையாளம் தவறிப்போவதற்குத் தெளிவான சான்று ஒன்று இத்துறையின் தொடக்கக் காலத்திலேயே கிடைத்தது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டீன் பொமர்லோ உருவாக்கிய ஆல்வின் என்னும் நரம்பு வலைப்பின்னல், மனிதர் ஓட்டுவதைப் பார்த்தே ஸ்டீயரிங் திருப்பக் கற்றுக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அது ஒரு பாலத்தை நெருங்கியதும் தடுமாறியது. ஆராய்ந்தபோது, சாலையின் ஓரத்தில் வளர்ந்திருந்த புல்லையே அது வழிகாட்டியாகக் கொண்டிருந்தது தெரியவந்தது. பாலத்தில் புல் இல்லை. கற்ற காலமெல்லாம் சாலையும் புல்லும் சேர்ந்தே இருந்ததால், அவற்றின் உறவு நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை அது அறிய வாய்ப்பிருக்கவில்லை. நியாய நூலார் இத்தகைய மறைந்த நிபந்தனையை உபாதி என்பர். ஈர விறகு இருந்தால்தான் நெருப்பு புகையும், ஆகவே நெருப்பைக் கண்ட இடமெல்லாம் புகை உண்டென்று முடிவு செய்யலாகாது என்பது அவர்கள் தரும் எடுத்துக்காட்டு.

வண்ணத்தை நம்பும் கருவிக்கு உபாதியாக நிற்பவை மழை, எதிர்வெயில், பனி, தேய்மானம். அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2021-இல் செயற்கையாகக் கனமழை பொழிவித்துச் செய்த சோதனையில், தடங்காப்பு பூண்ட கார்கள் 69 விழுக்காடு ஓட்டங்களில் தடத்தை விட்டு விலகின. மழையில்லாத வழக்கமான சாலைகளிலும் நிலைமை மனநிறைவு தருவதாக இல்லை. அதே சங்கம் 2020-இல் ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தபோது, ஓட்டுநர் உதவிக் கருவிகள் சராசரியாக 13 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏதோ ஒரு பிழை செய்தன. அப்பிழைகளில் 73 விழுக்காடு தடத்தைக் காப்பது தொடர்பானவை. இவ்வெண்களைக் கண்டு கருவியைத் தள்ளிவிடுவதும் முறையாகாது, ஏனெனில் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மெய்யியல் நோக்கில் அதிகம் சிந்திக்க வைப்பது அந்த மறுபக்கமே.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றிலும் எளிய கருவியான தட விலகல் எச்சரிக்கை, ஒற்றை வண்டி விபத்து, உராய்வு விபத்து, நேருக்கு நேர் மோதல் ஆகிய வகைகளை 11 விழுக்காடும், அவற்றுள் காயம் விளைவிப்பவற்றை 21 விழுக்காடும் குறைத்தது. அதே கழகம் 2024 ஜூலையில், தட நடுவாக்கமும் வேகக் கட்டுப்பாடும் இணைந்த பகுதித் தானியக்க அமைப்புகளை ஆராய்ந்து, அவை விபத்துகளைத் தடுக்கின்றன என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று அறிவித்தது. தட்டி எழுப்பும் கருவியின் பயனை அளக்க முடிகிறது. தூக்கிச் செல்லும் கருவியின் பயன் அளவைக்குள் அகப்படவில்லை. திறமை கூடிய துணை கூடுதல் காப்பைத் தர வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அது ஏன் பொய்த்தது என்பதைக் கருவியின் உள்ளே தேடினால் விடை கிடைக்காது, ஸ்டீயரிங்கின் முன்னே அமர்ந்திருப்பவரின் உள்ளத்தில்தான் தேட வேண்டும்.

1995-இல் பொமர்லோவும் டாட் யோக்கமும் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியாகோ வரை ஏறத்தாழ 4,600 கிலோமீட்டர் பயணம் செய்தனர். வேகத்தையும் பிரேக்கையும் அவர்கள் கவனித்துக்கொள்ள, ஸ்டீயரிங்கை 98.2 விழுக்காடு தொலைவுக்குக் கணினியே இயக்கியது. வியக்கத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எஞ்சிய 1.8 விழுக்காட்டைத் தொலைவாக மாற்றினால் 80 கிலோமீட்டருக்கு மேல் வரும்; அது ஒரே இடத்தில் முன்னறிவிப்போடு அமைந்திருந்தால் இடர் இல்லை, எங்கே எப்போது வரும் என்று தெரியாத சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், அந்தச் சில நொடிகளுக்காகப் பயணம் முழுவதும் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். கருவி செப்பமாக ஆக ஆக இத்துண்டுகள் குறையும், அவற்றுக்கு இடையேயான இடைவெளி நீளும், காத்திருப்பவரின் ஆயத்தமும் அதே அளவில் தேயும்.

மனிதக் கவனத்தின் இவ்வியல்பு ஊகத்தால் சொல்லப்படுவதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால ராடார் பணியாளர்களின் சோர்வை ஆராய முற்பட்ட நார்மன் மாக்வொர்த் என்னும் உளவியலாளர், கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் எப்போதாவது இரட்டைத் தாவல் செய்வதைக் கவனிக்கும்படி மக்களை அமர்த்தினார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே அவர்கள் கண்டறியும் திறன் தெளிவாகக் குறைந்ததை 1948-இல் வெளியிட்டார். வேலை செய்யாமல் வேலையைக் கண்காணிப்பது, வேலை செய்வதைக் காட்டிலும் கடினம். லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய, தானியக்கத்தின் முரண்களைப் பற்றிய கட்டுரை இதை இன்னும் கூர்மையாக எடுத்துரைத்தது: எளிய பகுதியை எந்திரத்துக்குக் கொடுத்து, எந்திரத்தால் இயலாத கடினமான கணத்தை மனிதருக்கு விட்டுவைக்கும் அமைப்பு, அக்கடினமான கணத்துக்கு வேண்டிய பயிற்சியையும் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது.

திருக்குறளில் அரசியல் பகுதியில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் உண்டு. பொச்சாப்பு என்பது மறதி, சோர்வு. ஆனால் அறியாமையாலோ அச்சத்தாலோ வரும் மறதியை அச்சொல் குறிப்பதில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்னும் மகிழ்ச்சியின் மிகுதியில் காவலைத் தளர்த்திவிடும் சோர்வையே வள்ளுவர் அப்பெயரால் சுட்டி, அளவு கடந்த சினத்தைவிட அது தீயது என்கிறார். கவனக்குறைவைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் அதை ஓட்டுநரின் ஒழுக்கக் குறையாகவே காண்கிறது. குறள் அதை நல்வாழ்வின் உடன்விளைவாகக் கண்டது. நல்ல சாலையில், நல்ல காரில், நாற்பது நிமிடம் பிழையே செய்யாத கருவியின் துணையோடு செல்பவருக்குச் சோர்வு வருவது அவர் தீயவர் என்பதால் அன்று. சோர்வு வருவதற்கென்றே அமைந்த சூழலில் அவர் அமர்த்தப்பட்டிருக்கிறார். இவ்வதிகாரம் அரசனுக்குச் சொல்லப்பட்டது என்பதும் பொருத்தமானதே. அரசனும் தன் வேலையின் பெரும்பகுதியைப் பிறர் செய்யத் தான் விழித்திருக்க வேண்டியவன்.

துணைக்கும் முயற்சிக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டு வைணவம் ஆராய்ந்த அளவுக்கு நுட்பமாக ஆராய்ந்த மரபுகள் சிலவே. இராமாநுசருக்குப் பின், 13, 14-ஆம் நூற்றாண்டுகளில், பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் சரணாகதி பற்றி வேறுபட்ட விளக்கங்களைத் தந்தனர். அவ்வேறுபாடே பிற்காலத்தில் தென்கலை, வடகலை என்னும் பிரிவுகளாக நிலைபெற்றது. அதை இரண்டு உவமைகளால் விளக்குவது வழக்கம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும், தாய் தாவும்போது குட்டியின் பிடி தளரக் கூடாது. இது மர்க்கட நியாயம், வடகலையார் கொள்கை. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை, தாயே வாயால் கவ்வித் தூக்கிச் செல்லும். இது மார்ஜார நியாயம், தென்கலையார் கொள்கை. பொதுமக்கள் வழக்கில் இது முயற்சிக்கும் சோம்பலுக்கும் இடையிலான பூசல்போல ஆகிவிட்டது வருந்தத்தக்கது. தேசிகர் குட்டியின் பிடியால்தான் பயணம் நிகழ்கிறது என்று சொல்லவில்லை; தூக்கிச் செல்லும் ஆற்றல் முழுவதும் தாயுடையது, பிடி ஒரு வியாஜம், அதாவது அருள் செயற்படுவதற்கு உயிர் தரும் சிறு காரணம். லோகாசாரியரும் சோம்பலைப் போற்றவில்லை. தன் காப்பைத் தான் பார்த்துக்கொள்வதாக எண்ணுவது, இறைவனுக்கே உரிய உயிரின் இயல்புக்கு மாறானது என்பதே அவர் கருத்து.

இரு சாராரும் முழுமையாக உடன்படும் இடம் ஒன்று உண்டு. இக்கட்டுரைக்கு இன்றியமையாதது அதுவே. தூக்கிச் செல்பவன் முற்றறிவும் முழு ஆற்றலும் உடையவன். உயிர்கள் அவனுடைய உடைமை. உடைமையைக் காப்பது உடையவன் பொறுப்பு. தேசிகர் சரணாகதியைப் பரந்யாசம் என்னும் சொல்லாலும் விளக்குவார். பரம் என்பது பாரம், நியாசம் என்பது வைத்தல். தன்னைக் காக்கும் பாரத்தை அதை ஏற்க வல்லவனிடம் வைத்துவிடுதலே பரந்யாசம். அதன் அங்கங்களில் ஒன்று மகாவிசுவாசம், அதாவது அசையாத நம்பிக்கை. மற்றொன்று கோப்த்ருத்வ வரணம், அதாவது நீயே காப்பாளனாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாக வேண்டிக்கொள்ளுதல். இவையெல்லாம் நிறைவேறிய பின்னரே உயிர் நிர்ப்பரன், பாரம் நீங்கியவன் ஆகிறது. கேட்கப்படாமல், ஏற்கப்படாமல், ஏற்க வல்லவர் இல்லாமல் பாரம் இடம் மாறுவதில்லை என்னும் இந்தத் தெளிவு, அருளைப் பற்றிப் பேசும் நூல்களுக்கு உள்ள அளவுக்குக் கருவிகளை விற்கும் விளம்பரங்களுக்கு இல்லை.

இதனால் எந்திரத்தை இறைவனோடு ஒப்பிடுவதாகக் கொள்ளலாகாது. ஒப்பிடப்படுவது துணையின் வடிவம் மட்டுமே. பொருளை வைத்து நோக்கினால் உவமை உடைந்துபோகும் என்பதே இங்குச் சொல்ல வேண்டியதும். தட நடுவாக்கம் பூனைத்தாயைப் போலத் தூக்கிச் செல்கிறது. ஆனால் அதன் உற்பத்தியாளர் கையேட்டில் குரங்குக்குட்டியைப் போலப் பிடித்திரு என்று எழுதியிருக்கிறார். உடலுக்கு ஒரு நியாயமும் சட்டத்துக்கு இன்னொரு நியாயமும் கற்பிக்கப்படுகின்றன. தூக்கப்படுவதை ஒவ்வொரு கணமும் உணரும் உடல், பற்றியிருக்க வேண்டும் என்று எங்கோ படித்த அறிவுரையை எத்தனை கிலோமீட்டருக்கு நினைவில் வைத்திருக்கும்?

பிடி இருக்கிறதா என்று சோதிக்கவும் விதிகள் உள்ளன. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 79-ஆம் ஒழுங்குமுறையின்படி, தட நடுவாக்கம் இயங்கும்போது கை ஸ்டீயரிங்கில் இல்லையென்றால் 15 நொடிக்குள் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கையும், 30 நொடிக்குள் ஒலி எச்சரிக்கையும் வர வேண்டும். அதன்பின் மேலும் 30 நொடிக்குள் அமைப்பு தானே விலகிக்கொள்ள வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 15 நொடி என்பது 400 மீட்டருக்கும் மேல். பல கார்களில் இச்சோதனை ஸ்டீயரிங்கில் உணரும் சிறு திருகுவிசையைக் கொண்டே நடக்கிறது. கையின் எடை கவனத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இதுவும் ஓர் ஏதுப்போலியே என்பதை ஓட்டுநர்கள் விரைவில் கண்டுகொண்டனர். கை இருப்பதுபோல் காட்டுவதற்காக ஸ்டீயரிங்கில் மாட்டும் எடைப்பொருள் ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கே வந்து, 2018 ஜூனில் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அதை நிறுத்த ஆணையிட வேண்டியதாயிற்று. ஓட்டுநரின் கண்ணை நோக்கும் கேமராக்கள் இதைவிட மேலானவை என்றாலும், கண் சாலையை நோக்கியிருப்பதும் உள்ளம் சாலையில் இருப்பதும் ஒன்றல்ல. காப்பீட்டுக் கழகம் 2024 மார்ச்சில் இத்தகைய 14 அமைப்புகளின் கண்காணிப்பை மதிப்பிட்டபோது, 11 அமைப்புகள் கடைநிலைத் தரத்தையே பெற்றன.

விழிப்பைக் காக்கும் துணையே நல்ல துணை என்று இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை விலக்கிச் செல்வது நேர்மையாகாது. தடம் விலகி விபத்துக்குள்ளான ஓட்டுநர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உறங்கிப்போயிருந்தனர் அல்லது உடல்நலக் குலைவால் செயலிழந்திருந்தனர் என்று அதே காப்பீட்டுக் கழகத்தின் ஆய்வு ஒன்று காட்டியது. மயங்கியவரிடம் மணியோசைக்கு என்ன பயன்? தென்கலையார் சுட்டிக்காட்டும் இடமும் இதுதான்: பற்றும் வலிமையே இல்லாத குட்டியைப் பிடித்துக்கொள் என்று சொல்வது கருணையாகாது. இம்மறுப்பு முழுமையாக ஏற்கத்தக்கது. கோட்டைக் கடந்து எதிரே வரும் லாரியை நோக்கிச் செல்லும் காரை அக்கணத்தில் உள்ளே தள்ளும் நெருக்கடித் தடங்காப்பும், விடை தராத ஓட்டுநரின் காரை மெல்ல நிறுத்தி அபாய விளக்கைப் போடும் அமைப்புகளும் உயிர் காப்பவை. அவற்றைக் கட்டாயமாக்கிய சட்டம் நல்ல சட்டம். ஆனால் இவை விழுந்தவரைத் தாங்குபவை. விழாதவரை இடைவிடாமல் தூக்கிவைத்து, அவர் தம் கால்களை மறக்கும்படி செய்யும் கருவிக்கு இவற்றின் நியாயத்தைக் கடன் வாங்கித் தர இயலாது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஓர் இடர் வருகிறது. எழுப்பும் கருவியை மக்கள் விரும்புவதில்லை. காப்பீட்டுக் கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பழுது பார்க்க வந்த 184 ஹோண்டா கார்களில் மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே தட விலகல் எச்சரிக்கை இயங்கும் நிலையில் இருந்தது, மற்றவர்கள் அணைத்துவைத்திருந்தனர். தூக்கிச் செல்லும் துணைக்கு விலை கொடுப்பவர்கள் எழுப்பிவிடும் துணையைத் தொல்லையாக எண்ணுவது மனித இயல்பு. ஐரோப்பிய விதி, நெருக்கடித் தடங்காப்பை ஓட்டுநர் அணைத்தாலும் அடுத்தமுறை கார் கிளம்பும்போது அது தானே மீண்டும் இயங்க வேண்டும் என்று வகுத்திருப்பது இவ்வியல்பை அறிந்த ஏற்பாடு.

பொறுப்பு என்னும் கேள்வியை மிகக் கொடிய வடிவில் முன்வைத்தது, 2018 மார்ச் 23 அன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் நிகழ்ந்த விபத்து. 101-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 85-ஆம் சாலை பிரியும் இடத்தில், டெஸ்லா மாடல் எக்ஸ் கார் ஒன்று, தானியங்கி உதவி இயங்கிய நிலையில், இரு சாலைகளுக்கும் இடையிலுள்ள நுழையக் கூடாத முக்கோணப் பரப்பைத் தடமெனக் கொண்டு அதற்குள் சென்று, மணிக்கு ஏறத்தாழ 114 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதியது, ஓட்டுநர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020-இல் தந்த முடிவில் காரணங்கள் பலவாகப் பிரிந்து நின்றன: கருவியின் எல்லைக்குட்பட்ட திறன், கைப்பேசி விளையாட்டில் சென்றிருக்கக்கூடிய ஓட்டுநரின் கவனம், கருவிமேல் அவர் வைத்த மிகைநம்பிக்கை, ஓட்டுநரின் விழிப்பைப் போதிய அளவு கண்காணிக்காத நிறுவனத்தின் வடிவமைப்பு. மோதலின் வேகத்தை உள்வாங்க வேண்டிய தடுப்புச் சாதனம் 11 நாள்களுக்கு முன் நடந்த வேறொரு விபத்தில் நசுங்கி, சீர்செய்யப்படாமலேயே இருந்ததும் காயத்தின் கடுமையைக் கூட்டியது. ஒரு செயல் நிறைவேற இடம், கருத்தா, கருவி, முயற்சி, தெய்வம் என ஐந்து காரணங்கள் வேண்டும் என்றும், தன்னை மட்டுமே கருத்தாவாகக் காண்பவன் சரியாகக் காணாதவன் என்றும் கீதையின் 18-ஆம் அத்தியாயம் கூறும். வாரியத்தின் அறிக்கை ஏறத்தாழ அப்பார்வையையே கொண்டிருக்கிறது. எனினும் காரணம் பலவாகப் பிரிவதும் பாரம் ஒருவர் தலையில் இருப்பதும் வேறு வேறு. ஐந்து காரணங்கள் கூடி விளைந்த செயலிலும், விழித்திருக்க வேண்டியவர் யார் என்பது செயல் தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தமிழகத்தின் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கு ஏற்ற உயரத்தில், நட்டுவைத்த இரு கற்கள்மேல் ஒரு குறுக்குக்கல் வைத்து அமைத்தவை. சுமையை அதில் வைத்தவரின் நடை நின்றுவிடும். சுமை கல்லின்மேல் இருக்கும்வரை பயணமும் இல்லை, இடரும் இல்லை. தட நடுவாக்கத்தில் கவனத்தை இறக்கிவைப்பவரின் கார் நிற்பதில்லை. அவர் தலையிலிருந்து இறங்கிய பாரத்தைக் கருவி ஏற்கவில்லை, ஏனெனில் அதற்கு ஏற்கும் அறிவு இல்லை. நிறுவனம் ஏற்கவில்லை, ஏனெனில் கையேடு அதை மறுக்கிறது. சட்டம் அது இன்னும் ஓட்டுநரிடமே இருப்பதாகக் கொள்கிறது. மவுண்டன் வியூவில் கடைசி ஆறு நொடிகளுக்கு ஸ்டீயரிங்கில் கை உணரப்படவில்லை. அந்த ஆறு நொடிகளில் பாரம் யாரிடமும் இல்லை.

பாரம் உண்மையாகவே கைமாறுவதற்கான வடிவங்களும் இப்போது உருவாகிவருகின்றன. தானியக்கத்தை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கும் எஸ்.ஏ.இ. அளவுகோலில், தட நடுவாக்கம் இடம்பெறும் இரண்டாம் நிலை வரை ஓட்டுகிறவர் மனிதரே. மூன்றாம் நிலையில், வரையறுத்த சூழலுக்குள், ஓட்டுவது அமைப்பு. ஜெர்மனி 2017-இல் தன் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய அமைப்பு இயங்கும்போது ஓட்டுநர் கவனத்தை விலக்கிக்கொள்ளலாம், அழைத்தால் ஏற்கும் ஆயத்தத்தோடு மட்டும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. 2021 இறுதியில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் அமைப்பு ஒன்றுக்கு, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில், அங்கே ஒப்புதல் கிடைத்தது. பிரிட்டன் 2024-இல் இயற்றிய தானியங்கி வாகனச் சட்டம் இன்னும் தெளிவானது: ஒப்புதல் பெற்ற அமைப்பு ஓட்டிக்கொண்டிருக்கும்போது நிகழும் ஓட்டுதல் குற்றங்களுக்கு இருக்கையில் அமர்ந்திருப்பவர் பொறுப்பாளி அல்லர், ஒப்புதல் பெற்ற நிறுவனம் அதற்கு விடைசொல்ல வேண்டும். கேட்டு, ஏற்று, எல்லை வகுத்து நிகழும் இக்கைமாற்றம் தேசிகர் சொன்ன பரந்யாசத்தின் வடிவத்தை ஒத்திருக்கிறது. ஏற்பவர் முற்றறிவினர் அல்லர் என்பதால்தான் வேகத்துக்கும் இடத்துக்கும் அவ்வளவு நெருங்கிய எல்லைகள் தேவைப்படுகின்றன.

ஆகவே தடங்காப்பு உதவி பூண்ட காரை வாங்க எண்ணுபவர்கள், கேமரா எத்தனை, கருவி எவ்வளவு நேரம் தானே ஓட்டும் என்று கேட்பதற்கு முன்னால், அது ஓட்டும்போது பாரம் யாருடையது என்பதை விற்பவரிடம் கேட்டு, எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும். எழுத்தில் ஓட்டுநரின் பெயரே இருக்குமானால், எச்சரிக்கையையும் நெருக்கடித் தடங்காப்பையும் ஒருபோதும் அணைக்காமல் வைத்துக்கொண்டு, தட நடுவாக்கத்தை அணைத்துவிட்டுத் தம் கையாலேயே ஓட்டுவது நலம்.